வேலூர் ஏரிகளில் பறவைப் படம்: கேமராவுக்கு முன்னும் பின்னும்

கேமரா வாங்கிய முதல் வருடம் நான் எடுத்த கொக்குகள் எல்லாம் வெள்ளைக் காகிதத்தை வெட்டி ஒட்டியது போலவே இருந்தன. ஓர் இறகுகூடத் தெரியாது. அதைச் சரிசெய்ய ஒரு வருடம் பிடித்தது. ஆள்காட்டிப் பறவையின் கூட்டருகே நான் செய்த தவறு புரிய இன்னும் இரண்டு வருடம் ஆனது. வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன். லென்ஸ் மாட்டுவது, கார்டு போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: ஏரியைத் தேர்ந்தெடுங்கள்

தூரமாகப் போக வேண்டாம். வீட்டுக்கு அருகில், வாரம் இரண்டு முறை போய் வரக்கூடிய ஏரி போதும். சதுப்பேரி, கழிஞ்சூர் ஏரி, அதுவும் முடியாவிட்டால் கோட்டை அகழி. மடையானும் நீர்க்காகமும் அகழியிலேயே கிடைக்கும். அமிர்திப் பக்கம் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும், அது பிறகு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பியதும் எல்லோரும் ஓடுவார்கள். நான் தை, மாசிக்குக் காத்திருப்பேன். தண்ணீர் இறங்கி ஓரத்தில் சேறு தெரியும்போதுதான் உள்ளான்களும் நெடுங்கால் உள்ளான்களும் கரைக்குப் பக்கத்தில் வந்து மேயும். நிரம்பிய ஏரியில் வாத்துகள் நட்டநடுவே புள்ளியாகத்தான் தெரியும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்த பிறகு எங்கள் பக்கத்து ஏரி நிறைந்து கிடந்தது. அந்தக் குளிர்காலத்தில் உருப்படியாக ஒரு படம்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

காலையில் கிழக்குக் கரையில் நில்லுங்கள், வெயில் முதுகில் விழட்டும். எட்டரை மணிக்கு மேல் வேலூர் வெயிலில் படம் எடுப்பது வீண். வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

படி 2: கருவி

முதலில் 8×42 பைனாகுலர், அதற்கப்புறம்தான் கேமரா. இதில் நான் பிடிவாதக்காரன். பைனாகுலரில் ஒரு மாதம் பார்த்தவருக்குப் பறவை அடுத்து என்ன செய்யும் என்று தெரிந்துவிடும். தெரியாதவர் இரண்டு லட்ச ரூபாய் லென்ஸ் வைத்திருந்தாலும் பறந்துபோகும் பறவையின் வாலைத்தான் எடுப்பார்.

கேமராவில், கையில் பணம் குறைவென்றால் நிகான் பி900 மாதிரி நீள ஜூம் கேமரா பழையதாகக் கிடைத்தால் வாங்குங்கள். 83 மடங்கு ஜூம், தொடங்குவதற்கு நிறையவே போதும். முக்காலி வேண்டாம், ஏரிக்கரை மண்ணில் அது நிற்காது. பழைய ஜீன்ஸ் பேண்டின் ஒரு காலை வெட்டி, இரண்டு கிலோ கம்புத் தானியம் போட்டு இரண்டு பக்கமும் தைத்து வைத்திருக்கிறேன். கரையில் அதை வைத்து, அதன் மேல் லென்ஸைச் சாய்த்துப் படுத்துவிடுவேன். பறவையின் கண்மட்டத்தில் படம் வரும்.

படி 3: உட்காருங்கள்

நடந்துகொண்டே இருந்தால் எதுவும் கிடைக்காது. ஓரிடத்தில் இருபது நிமிடம் அசையாமல் உட்காருங்கள். முதல் பத்து நிமிடம் எல்லாம் விலகிப் போகும், அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும்.

படி 4: வெள்ளையைக் காப்பாற்றுங்கள்

என்னை ஒரு வருடம் அலைக்கழித்த இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

சின்னக் கொக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கருப்புக் கால், பாதம் மட்டும் மஞ்சள். சேற்றில் ஒரு காலை முன்னே நீட்டி, அந்த மஞ்சள் விரல்களை நடுக்கி நடுக்கிக் கலக்கும். கலங்கிய இடத்திலிருந்து குஞ்சுமீன் ஓடும்போது சட்டென்று கொத்தும். அதை ஃப்ரேமில் பிடித்தால் சுற்றிலும் இருண்ட தண்ணீர், நடுவில் சிறிய வெள்ளை. கேமரா மொத்தக் காட்சியையும் பார்த்து, இடம் இருட்டாக இருக்கிறது என்று முடிவு செய்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கூட்டிய வெளிச்சத்தில் கொக்கின் வெள்ளை வெந்துபோகும். வெந்துபோன இடத்தில் எந்தத் தகவலும் பதிவாகியிருக்காது, கம்ப்யூட்டரில் எவ்வளவு இழுத்தாலும் இறகு திரும்பி வராது.

அதனால் பிளஸ்/மைனஸ் பொத்தானைத் தேடி எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதாவது கேமரா தானாகக் கணக்கிடும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அளவை, -1 க்குக் கொண்டுபோங்கள். மேகமூட்டமாக இருந்தால் -0.7. மெனுவில் ஹைலைட் எச்சரிக்கையை ஆன் செய்யுங்கள், வெள்ளை வெந்துபோன இடத்தை அது திரையில் மின்னிக் காட்டும். ஒரு படம் எடுத்துப் பாருங்கள், கொக்கின் முதுகு மின்னினால் இன்னும் குறையுங்கள். தண்ணீர் கருத்துப் போகிறதே என்று பயப்பட வேண்டாம், கருத்த தண்ணீரில்தான் வெள்ளை எழும். ஷட்டர் வேகம் 1/1000 நொடி, பறக்கும்போது 1/2000, ஐஎஸ்ஓவை (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) ஆட்டோவில் விடுங்கள்.

படி 5: எப்போது எடுக்கக் கூடாது

கேமரா சொல்லித் தராத பாடம் இது.

ஒரு சித்திரையில், வற்றிய ஏரிப் படுகையில் சிவப்புமூக்கு ஆள்காட்டியின் முட்டைகளைப் பார்த்தேன். கூடு என்று எதுவும் இல்லை, மண்ணில் ஒரு சின்னக் குழி. சுற்றி ஆட்டுப் புழுக்கையும் கூழாங்கல்லும். களிமண் நிறத்தில், கருப்புத் திட்டுகளோடு நான்கு முட்டைகள், கூர்நுனி நான்கும் உள்பக்கம். பறவை தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றியது. அது கோபமாகப் பாயும் படம் வேண்டுமென்று முக்கால் மணி நேரம் அங்கேயே இருந்தேன். நேரம் பத்தரை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்தார். "இன்னா தம்பி, அது முட்ட வெச்சிக்கீது. நீ நின்னுன்னே இருந்தா அது எப்படி வந்து உக்காரும்? வெயில் பாரு" என்றார்.

அவர் சொல்லும்வரை எனக்கு அது தோன்றவேயில்லை. நம் ஊர் வெயிலில் ஆள்காட்டி முட்டைமேல் உட்காருவது சூடேற்ற மட்டுமல்ல, நிழல் தரவும்தான். தண்ணீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்து வந்து, அந்த ஈரத்தோடு உட்கார்ந்து முட்டையைக் குளிர்விக்கும். நான் அந்த முக்கால் மணி நேரமும் அதன் வேலையைத் தடுத்துக்கொண்டிருந்தேன். அந்த முட்டைகள் பொரித்தனவா என்று எனக்குத் தெரியாது. அன்று எடுத்த படங்களை அழித்துவிட்டேன்.

பறவை உங்களைப் பார்த்துக் கத்தினால், மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினால், அலகில் இரையோடு கூட்டுக்குப் போகாமல் கிளையில் காத்திருந்தால் பின்வாங்குங்கள். கூட்டையும் முட்டையையும் கலைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மொபைலில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதையும் நான் ஏற்பதில்லை.

படி 6: வீட்டுக்கு வந்த பிறகு

அன்றைக்கே நோட்டில் எழுதுங்கள்: தேதி, நேரம், தண்ணீர் எவ்வளவு, பறவை என்ன செய்தது. முடிந்தால் பக்கத்தில் ஒரு பென்சில் கோடு. இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) கருப்பு வெள்ளையில் படம் எடுத்தார், பேனாவால் வரைந்தார், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். மூன்றும் ஒரே பார்வையிலிருந்து வந்தவை. வரையத் தெரியாவிட்டாலும் வரையுங்கள். தாழைக்கோழியின் நெற்றிச் சிவப்பு அலகோடு எங்கே சேர்கிறது என்பது வரையும்போதுதான் கண்ணில் படும்.

பார்த்த பறவைகளின் பட்டியலை, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளமான இபேர்டில் ஏற்றுங்கள். பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் பதினைந்து நிமிடம் பார்த்து எழுதினாலும் சேர்த்துக்கொள்வார்கள்.

எடிட்டிங்கில் ஒன்று மட்டும். முன்பெல்லாம் பறவைக்குப் பக்கத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் கவரை வெட்டிவிடுவேன். இப்போது ஒவ்வொரு ஏரியிலும் கவரோடு ஒரு படத்தையாவது வைத்துக்கொள்கிறேன். தாழைக்கோழி தன் கூட்டில் பால் கவரைச் செருகும் படம் அப்படி வந்ததுதான். அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஏரிக்கரை டீக்கடையில் கொடுத்தேன், இன்னும் பாய்லருக்கு மேலே மாட்டியிருக்கிறது.

பின்சேர்க்கை: -1 வைத்ததும் நீர்க்காகம் கரிக்கட்டையாக வந்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். நான்தான் சொல்லாமல் விட்டேன். கருப்புப் பறவை, பின்னால் வெளிறிய வானம் என்றால் அப்படியே தலைகீழ், +1 வையுங்கள். கொக்கிலிருந்து நீர்க்காகத்துக்குத் திரும்பும்போது மாற்ற மறக்காதீர்கள்.

இன்னொன்று: அந்த ஆள்காட்டி எந்த ஏரி என்று பலர் கேட்கிறீர்கள். இந்த வருடமும் அங்கே முட்டை வைத்திருக்கிறது, அதனால் இப்போது சொல்ல மாட்டேன். ஆடி தாண்டட்டும், நானே கூட வந்து காட்டுகிறேன். படுகையில் இறங்கினால் மட்டும் தரையைப் பார்த்து நடக்க வேண்டும், குஞ்சுகள் ஆபத்தென்றால் கூழாங்கல் மாதிரி அசையாமல் படுத்துவிடும்.