மலைக் கல்லூரியின் பழைய மாணவர் நினைவுகளைப் பதிவு செய்வது எப்படி?

நாள் குறிக்கும் முன் மழையைப் பாருங்கள். நீலகிரியில் பல வீடுகளுக்குத் தகரக் கூரை. தூறல் விழுந்தாலே பேச்சின் மேல் பொரி வறுக்கிற சத்தம் ஏறிவிடும். அதை அப்புறம் முழுசாக நீக்க முடியாது. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போகாதீர்கள். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பர் ஆகாது. பிப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள். வெயில் ஏறி, பெரியவர் காபி குடித்து முடித்த பிறகு, பதினோரு மணி வாக்கில் உட்காருங்கள்.

கருவிக்குச் செலவழிக்க வேண்டாம், போனும் ஒரு காலர் மைக்கும் போதும். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் கீழே, சால்வைக்கு வெளியே குத்துங்கள். உள்ளே போனால் கம்பளி உரசுவதுதான் பதிவாகும். ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். அழைப்பு குறுக்கிடாதபடி போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், பவர் பேங்க் கையில் இருக்கட்டும். ஒரு நிமிடம் பதிந்து, கேட்டுப் பார்த்துவிட்டே ஆரம்பியுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம்.

"மறக்க முடியாத அனுபவம் எது?" என்று கேட்டால் எல்லோரும் "அது ஒரு பொற்காலம்" என்பார்கள். அதோடு பேச்சு படுத்துவிடும். "பஸ்ஸை விட்டு இறங்கி வகுப்புக்கு எந்த வழியா நடந்தீங்க ஐயா?", "ஹாஸ்டல்ல வெந்நீர் எத்தனை மணிக்குக் கிடைக்கும்?", "ஸ்வெட்டர் சொந்தமா, இரவலா?" என்று கேளுங்கள். இன்னும் நல்ல வழி, வெள்ளைத் தாளைக் கொடுத்து வளாகத்தை வரையச் சொல்வது. கை கோடு போடும்போது வாய் தானாகப் பேசும். தாளில் தேதி போட்டுப் பத்திரப்படுத்துங்கள். நடுவில் நீலகிரிப் படுகர்களின் மொழியான படுகுக்குத் தாவினால் தடுக்காதீர்கள். அந்த மொழி தெரிந்தவரை வைத்து எழுதிக்கொள்ளலாம்.

ஆண்டுகள்தான் அடிக்கடி தவறும். நேரில் திருத்தினால் மனிதர் சுருங்கிவிடுவார். வீட்டுக்கு வந்து சரிபாருங்கள். ஊட்டி அரசு கலைக் கல்லூரி தொடங்கியது 1955. 1978இல் பள்ளியில் பிளஸ் டூ வந்ததும், கல்லூரியில் பட்டப்படிப்புக்கு முன் படித்த ஓராண்டு பி.யு.சி. போயிற்று, 1980இல் பி.யு.சி. சேர்ந்ததாகச் சொன்னால் எங்கோ பிசகு. பாரதியார் பல்கலைக்கழகம் உருவானது 1982. அதன் பெயர் உள்ள சான்றிதழ் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. இடப்பெயரிலும் கவனம் வேண்டும். வெள்ளையர் காலக் கோவை கலெக்டர் சல்லிவன் ஊட்டியில் கட்டிய ஸ்டோன் ஹவுஸை ஒருவர் அப்படியே சொல்வார், இன்னொருவர் கல் பங்களா என்பார். இரண்டும் ஒன்றே என்று குறித்து வையுங்கள்.

குரூப் போட்டோதான் பெரிய தலைவலி. மலை ஈரத்தில் படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரிக்கவே பிரிக்காதீர்கள், கண்ணாடியோடு ஸ்கேன் செய்யுங்கள். பூஞ்சை பிடித்திருந்தால் மாஸ்க் போட்டு, வெளியில் வைத்து, உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின், பூஞ்சைக்கு அதுதான் தீனி. ஈரத்துணி பட்டால் மூன்றாம் வரிசையில் நிற்பவரின் முகமே துணியோடு வந்துவிடும். ஸ்கேன் 600 டிபிஐ நுணுக்கத்தில், தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக இருக்கட்டும். பின்பக்கத்தையும் எடுங்கள், ஸ்டுடியோ முத்திரையும் பென்சில் பெயர்களும் அங்கேதான் இருக்கும். வாட்ஸ்அப்பில் வாங்குவதானால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக வந்தால் படம் சுருங்கிவிடும்.

ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். எழுதியதை அவரிடமே வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்குங்கள். அடுத்தவர் காதலோ காப்பியடித்து மாட்டியதோ பேச்சில் வந்திருந்தால், அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள். மூலப் பதிவில் மட்டும் கை வைக்க வேண்டாம். அதை மூன்று பிரதி எடுத்து, ஒன்றைச் சமவெளியில் இருக்கும் யாரிடமாவது கொடுத்து வையுங்கள். இங்கே பீரோவில் வைத்தால் ஹார்ட் டிஸ்க்கும் பூத்துப்போகும்.