செம்மண் எல்லாம் அமில மண்ணா? மண்ணை வகைப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்ருட்டியிலிருந்து நெய்வேலி போகும் வழியில் முந்திரித் தோப்பும் பலா மரமுமாக வரும் செம்மண் மேட்டுக்கு அடியில் கிடக்கிற பாறைக்குப் புவியியலில் நம் ஊர்ப் பெயரே இருக்கிறது: கடலூர் மணற்கல். புதுச்சேரியின் கோரிமேடு, காலாப்பட்டுச் செம்மண் மேடுகளும் இதே பாறைத் தொகுதியைச் சேர்ந்தவைதான். வடகிழக்குப் பருவமழை வருடா வருடம் இந்த மேட்டு மண்ணிலிருந்து கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கீழே கழுவிக்கொண்டு போகிறது. காலியான இடத்தை ஹைட்ரஜனும் அலுமினியமும் பிடிக்கின்றன. மண் அமிலமாவது இப்படித்தான்.

மண்வள அட்டையில் பிஎச் (அமில, கார நிலையைக் காட்டும் எண்; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்) 5.4 என்று வந்துவிட்டால், அந்த ஓர் எண்ணை வைத்தே மண் என்ன வகை, எவ்வளவு சுண்ணாம்பு போடுவது, எந்தப் பயிர் தேறும் என்று எல்லாவற்றையும் முடிவுகட்டிவிடுகிறோம். நான் பார்த்தவரை மற்றத் தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. அமிலம் எவ்வளவு, துகளின் பருமன் என்ன, எந்தப் பாறையிலிருந்து வந்த மண், வகைப்பாட்டில் அதற்கு எந்த இடம் என்பவை நான்கு தனித்தனிக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் விடை காணும் வழியும் வேறு. 2015 பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 அளவீடுகள் உண்டு: பேரூட்டம், கந்தகம், நுண்ணூட்டங்கள், அங்ககக் கார்பன், பிஎச், உப்பின் அளவு. அந்தப் பன்னிரண்டில் மண் நயம் (மணல், வண்டல், களித்துகள்களின் விகிதம்) இல்லை, அலுமினியம் இல்லை, கார அயனிகளின் நிறைவு விகிதமும் (மண் பிடித்து வைத்திருக்கும் அயனிகளில் கால்சியம், மெக்னீசியம் போன்றவற்றின் பங்கு) இல்லை. உரம் போட உதவும் அட்டை அது. மண்ணுக்குப் பெயர் வைக்க அது போதாது.

நிறத்தையும் பாறையையும் நம்பிவிடுவது

சிவப்பாக இருந்தால் அமிலம், கறுப்பாக இருந்தால் காரம் என்ற கணக்கு ஊர்ப்பக்கம் நன்றாக ஊறிப்போயிருக்கிறது. சிவப்பு நிறம் ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடு தருவது. கொஞ்சம் ஹெமடைட் இருந்தாலே மண் முழுவதும் சிவந்துவிடும். பிஎச் 7.5 உள்ள செம்மண்ணும் தமிழ்நாட்டில் தாராளமாக உண்டு. நிறம் சொல்லும் செய்தி வேறு: கீழடுக்கில் சாம்பல் திட்டுகள் தெரிந்தால் வருடத்தில் சில காலம் அங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று பொருள். குழி வெட்டும்போது அந்தத் திட்டு எத்தனை செ.மீ. ஆழத்தில் தொடங்குகிறது என்று குறித்து வைத்துக்கொண்டால் வடிகால் பற்றித் தெரிந்துவிடும்.

பாறையை வைத்து ஊகிப்பதும் இதே மாதிரிதான். அமெரிக்காவின் பென்சில்வேனியா, மேற்கு வர்ஜீனியா மலைப்பகுதிகளில் களிப்பாறை (ஷேல்) சிதைந்து உருவான மண் பெரும்பாலும் அமிலமாக, வண்டல் துகள் (மணலைவிடச் சிறிய, களியைவிடப் பெரிய துகள்) மிகுந்த குறுமண்ணாக (மூன்று துகளும் கலந்த மண்ணாக) இருக்கிறது. அதைப் படித்துவிட்டு, களிப்பாறை இருந்தால் அமில மண் இருக்கும் என்று விதி எழுதிக்கொள்ளக் கூடாது. நம் பக்கத்திலேயே, புதுச்சேரிக்கு வடமேற்கே வழுதாவூர் வட்டாரத்தில், கிரெட்டேசியஸ் காலக் கடலடிப் படிவாக வந்த களிப்பாறை இருக்கிறது. அதில் சுண்ணாம்பு கலந்திருக்கிறது. சுண்ணாம்பு தீராத வரை அதன் மேல் உருவாகும் மண்ணை மழை எளிதில் அமிலமாக்கிவிடாது. பாறையின் பெயரைக் காட்டிலும், அதில் சுண்ணாம்பு உண்டா என்பதுதான் முதல் கேள்வி.

அதைத் தெரிந்துகொள்ளச் செலவே இல்லை. வயலில் பொறுக்கிய சிறு கல்லின் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். சுக்கான் கல் என்றால் நுரைத்துப் பொங்கும். அது கால்சியம் கார்பனேட். செம்மண் சரளை என்றால் ஒன்றும் நடக்காது. அது இரும்பு இறுகிய கட்டி. மண் ஒட்டிக்கொண்டால் இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி தெரியும். நுரைக்கிற மண்ணுக்குச் சுண்ணாம்பு வாங்குவது வீண் செலவு.

மாதிரி எடுப்பதில் நடப்பவை

ஆய்வகம் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும், பையில் வந்த மண்ணுக்குத்தான் அது விடை சொல்லும். வரப்போரம், எருக்குழி அருகில், மர நிழலில், வாய்க்கால் ஓரத்தில் எடுத்த மண் அந்த வயலைக் காட்டாது. உரச்சாக்கில் கட்டி அனுப்பினால் போதும், முடிவு முழுக்கக் கெட்டுப்போகும். நெல்லுக்கும் மணிலாவுக்கும் (நிலக்கடலை) 15 செ.மீ. ஆழம் வரை ‘வி’ வடிவில் வெட்டி, பக்கச்சுவரிலிருந்து ஒரே கனத்தில் சீவி எடுக்க வேண்டும். கரும்பு, வாழை, மரவள்ளிக்கு 22.5 செ.மீ. தோப்புப் பயிர்களுக்கு 30, 60, 90 செ.மீ. என மூன்று ஆழங்களில் தனித்தனி மாதிரி. முந்திரித் தோப்புக்காரர்கள் பலர் மேல் மண்ணை மட்டும் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். வேர் போகிற ஆழத்தில் வேரைக் கெடுக்கும் அலுமினியம் காத்திருக்கிறதா என்பது அதில் தெரியவே தெரியாது.

எந்தப் பருவத்தில் எடுத்தது என்பதும் முக்கியம். கோடையில் மண்ணில் உப்பு சேர்ந்திருக்கும்போது பிஎச் சற்றுக் குறைவாகவும், நல்ல மழைக்குப் பின் சற்றுக் கூடுதலாகவும் காட்டும். போன வருடம் மே மாதம் எடுத்ததையும் இந்த வருடம் டிசம்பரில் எடுத்ததையும் ஒப்பிட்டு மண் மாறிவிட்டது என்று சொல்வது சரியல்ல. தண்ணீர் கட்டிய நெல் வயலில் இது இன்னும் கூடும். அமில மண்ணில் தண்ணீர் நின்றால் சில வாரங்களில் பிஎச் தானாகவே ஏறி 6.5, 7 அருகில் வந்துவிடும். காய்ந்ததும் பழைய நிலைக்கே இறங்கும். அதனால் நெல்லுக்கு மட்டும் பயன்படும் நிலத்தில் காய்ந்த மண்ணின் பிஎச் எண்ணைப் பார்த்துப் பதறிச் சுண்ணாம்பு கொட்டத் தேவையில்லை.

வண்டல் துகளை எண்ணும்போது

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். விவரம் தெரிந்தவர்களும் தடுமாறுவது இங்கேதான்.

2 மி.மீ. சல்லடையில் இறங்குவது மட்டும்தான் கணக்கில் மண். மேலே நிற்பது கல். அதற்கு முன் காய்ந்த மண்கட்டியை உடைக்க வேண்டும். களிப்பாறைச் சில்லு தட்டையாக, மென்மையாக இருக்கும். இரும்பு உரலில் போட்டு உலக்கையால் இடித்தால் அந்தச் சில்லும் சேர்ந்து தூளாகிவிடும். வயலில் கல்லாகக் கிடந்தது ஆய்வகத்தில் வண்டல் துகளாகப் பதிவாகும். நம் மேட்டு நிலத்தின் மென்மையான சரளைக்கும் இதுவே நேரும். மரக்கட்டையால் உருட்டி, கட்டி மட்டும் உடையும் அளவுக்கு அழுத்த வேண்டும். சில்லு முழுசாகச் சல்லடையில் நிற்க வேண்டும். நின்ற கல்லை எறியாமல் எடை போட்டு எழுதி வையுங்கள். பாதி கல்லாக இருக்கும் மண் பிடிக்கிற தண்ணீரும், கல்லே இல்லாத மண் பிடிக்கிற தண்ணீரும் ஒன்றாகாது. அறிக்கையில் உள்ள எண்களோ சலித்த மண்ணுக்கு மட்டுமே உரியவை.

அடுத்தது, இரும்பு மிகுந்த மண்ணுக்கே உரிய சிக்கல். களித்துகள்களை இரும்பு ஆக்சைடு பசைபோட்டுப் பிடித்து வைத்திருக்கும். சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் கரைசலில் போதுமான நேரம் ஊறவைத்துக் கலக்காவிட்டால் அந்தக் கட்டுகள் பிரியாது. துகள் இறங்கும் வேகத்தை வைத்துத்தான் அதன் அளவைக் காண்கிறார்கள்; பிரியாத கட்டு நீர்ப்பாத்திரத்தில் வண்டல் துகளின் வேகத்தில் இறங்கி, வண்டல் என்றே கணக்காகும். உண்மையில் களி 35 சதவீதம் உள்ள மண் காகிதத்தில் குறுமண்ணாகத் தெரிவது இப்படித்தான். அங்ககப் பொருள் அதிகமுள்ள மண்ணை முதலில் ஹைட்ரஜன் பெராக்சைடில் கொதிக்கவிடுவதும் இதே காரணத்துக்காக.

துகளின் எல்லைக்கோட்டிலும் குழப்பம் உண்டு. அமெரிக்க முறையில் 0.05 மி.மீ. முதல் 0.002 மி.மீ. வரை வண்டல் துகள். சர்வதேச முறையில் மேல் எல்லை 0.02 மி.மீ. தான், 0.02-க்கும் 0.05-க்கும் இடைப்பட்டது அங்கே நுண்மணல். இந்தியாவில் இரண்டுமே புழக்கத்தில் இருக்கின்றன. சர்வதேச முறையில் அளந்த சதவீதத்தை அமெரிக்க முக்கோணப் படத்தில் (மணல், வண்டல், களி விகிதத்தை வைத்து மண்ணின் பெயர் காணும் படம்) வைத்துப் பெயர் தேடினால் கிடைப்பது தவறான பெயர். அமெரிக்க முறைப்படி வண்டல் குறுமண் என்று சொல்ல வண்டல் துகள் குறைந்தது 50 சதவீதம் இருக்க வேண்டும், களி 27 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கையில் பார்க்கும்போது ஈர மண் முகப்பவுடர் போல் வழுவழுப்பாக இருக்கும். விரலிடையே தள்ளினால் களிமண் மாதிரி நீண்ட நாடா வராது, சீக்கிரம் ஒடிந்துவிடும். கடலூர் மணற்கல் மேட்டு மண்ணில் இந்த வழுவழுப்பைவிட மணலின் நறநறப்புதான் கையில் படும். ஆகவே அங்கிருந்து வரும் அறிக்கை வண்டல் குறுமண் என்று சொன்னால் ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள்.

சுண்ணாம்பும் ஜிப்சமும்

மணிலாவுக்கு ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைப்பது விருத்தாசலம் பக்கம் எல்லோரும் அறிந்த வேலை. களர் நிலத்தைச் சீர்படுத்தவும் ஜிப்சம் போடுகிறோம். ‘மண்ணைத் திருத்தும் சரக்கு’ என்ற பெயர் அதற்கு வந்துவிட்டதால், அமில மண்ணுக்கும் அதையே போட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஜிப்சம் கால்சியம் சல்பேட். அது கால்சியமும் கந்தகமும் தரும். காய் பொக்காகாமல் காக்கும். பிஎச்சை உயர்த்தாது. அமிலத்தை முறிக்கக் கார்பனேட்டோ ஹைட்ராக்சைடோ வேண்டும்: சுண்ணாம்புக்கல் தூள், டாலமைட் (மெக்னீசியமும் கலந்த சுண்ணாம்புக்கல்), நீற்றிய சுண்ணாம்பு.

இவையும் ஒன்றுக்கொன்று ஈடல்ல. தூய சுண்ணாம்புக்கல்லின் முறிக்கும் திறனை 100 என்று வைத்தால் டாலமைட் சுமார் 109, நீற்றிய சுண்ணாம்பு 135, சுட்ட சுண்ணாம்பு 179. நம் கடலோரத்தில் கிடைக்கும், கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பைக் கல்தூளுக்குச் சொன்ன அளவிலேயே போட்டால் அளவு மிஞ்சிவிடும். மணற்பாங்கான மண்ணில் மிஞ்சிய சுண்ணாம்பு துத்தநாகம், மாங்கனீசு, போரான் மூன்றையும் பயிருக்குக் கிடைக்காமல் செய்யும். சுண்ணாம்பும் யூரியாவும் ஒரே நாளில் தூவினால் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போகும். சுண்ணாம்பு விதைப்புக்கு மூன்று நான்கு வாரம் முன்னதாகவே மண்ணில் கலந்திருக்க வேண்டும்.

எவ்வளவு போடுவது என்பதைப் பிஎச் மட்டும் சொல்லாது. பிஎச் 5.2 உள்ள மணற்குறுமண்ணுக்கும் அதே 5.2 உள்ள களிக்குறுமண்ணுக்கும் தேவைப்படும் சுண்ணாம்பு வெகுவாக மாறும்; களியும் அங்ககப் பொருளும் அமிலத்தை இருப்பாக வைத்திருக்கின்றன. ஷூமேக்கர், மெக்லீன், பிராட் மூவரும் 1961-இல் தந்த தாங்கல் (பஃபர்) கரைசல் முறை இந்த இருப்பை அளக்கத்தான். ஆய்வகத்தில் ‘சுண்ணாம்புத் தேவை’ என்று தனியாகக் கேட்டால் பார்த்துத் தருவார்கள். பிஎச் 5.5-ஐத் தாண்டினாலே அலுமினியம் பெரும்பாலும் படிந்து அடங்கிவிடும். முந்திரிக்கும் பலாவுக்கும் 7-ஐத் துரத்த வேண்டியதில்லை.

மணிச்சத்துக்கும் ஒரு வார்த்தை. அதை அளக்கும் முறைகளில் ஓல்சன் முறை நடுநிலை, கார மண்ணுக்கு வகுத்தது. அமில மண்ணுக்குப் பிரே முறை. எந்த முறை என்று எழுதாத அறிக்கையில் ‘குறைவு’, ‘அதிகம்’ என்ற சொற்களுக்கு அர்த்தமில்லை.

பெயர் வைப்பது

அமெரிக்க வகைப்பாட்டு நூலைப் பார்த்து, அமிலச் செம்மண் என்றதும் அல்டிசால் என்று எழுதிவிடுவது வேளாண் மாணவர்களிடம் அடிக்கடி நடக்கிறது. அல்டிசாலும் ஆல்பிசாலும் அந்த வகைப்பாட்டின் இரு பெரும் பிரிவுகள். ஆல்பிசாலாக இருந்தாலும் அல்டிசாலாக இருந்தாலும் கீழே களி இறங்கிப் படிந்த அடுக்கு வேண்டும். இரண்டையும் பிரிப்பது கார அயனி நிறைவு 35 சதவீதத்துக்கு மேலா கீழா என்பது. அதையும் மேல்மண்ணில் பார்ப்பதில்லை. களி அடுக்கின் தலையிலிருந்து 125 செ.மீ. கீழே, அல்லது தரையிலிருந்து 180 செ.மீ., எது குறைவோ அங்கே. மேலே எத்தனை மூட்டை டாலமைட் போட்டிருந்தாலும் அந்த ஆழத்து எண் அவ்வளவு சுலபமாக அசையாது. இன்னொன்று: அந்த 35, பிஎச் 8.2-இல் அயனிகளைக் கூட்டிக் காணும் முறைக்கு உரிய எல்லை. நம் ஆய்வகங்களில் வழக்கமான அம்மோனியம் அசிடேட் முறையில் அதே மண் சுமார் 50 என்று காட்டக்கூடும். முறையைக் கேட்காமல் எண்ணை மட்டும் ஒப்பிட்டால் ஆல்பிசாலும் அல்டிசாலும் இடம் மாறிவிடும்.

ஒரே பாறை ஒரே வகையைத் தரும் என்பதும் இல்லை. மேற்சொன்ன அமெரிக்கக் களிப்பாறை மலைகளில் வெய்க்கர்ட் என்ற மண்தொடர் (ஒரே மாதிரி அடுக்குகள் உள்ள மண்களுக்கு இடும் பெயர்) 50 செ.மீ.க்குள் பாறையைத் தொட்டுவிடும். பெர்க்ஸ் 50 முதல் 100 செ.மீ. வரை போகும். இரண்டிலும் களி அடுக்கு வளரவில்லை, ஆகவே இன்செப்டிசால் என்ற வேறொரு பிரிவு. கில்பின் தொடரில் களி இறங்கிப் படிந்திருக்கிறது, அது அல்டிசால். மூன்றுமே அமில மண்தான். அங்கே வருடம் முழுக்க ஈரம் பரவலாக இருக்கும். நமக்கோ நீண்ட வறட்சி மாதங்கள். அதனால் பெயரின் நடுப்பகுதியையும் அங்கிருந்து அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. ஈரநிலையைக் குறிக்கும் அந்தப் பகுதியில் அங்கே ‘உட்’ வரும் இடத்தில் நமக்கு ‘உஸ்ட்’.

ஆறடிக் குழி வெட்ட வசதியில்லை என்றால், சாலைக்காக மேட்டை வெட்டிய இடமோ கிணறு தோண்டும் இடமோ போதும். வெயிலும் மழையும் பட்ட பழைய முகத்தில் மாதிரி எடுக்காதீர்கள். ஓர் அடியாவது உள்ளே செதுக்கிப் புது முகம் காண வேண்டும். மேலிருந்து எடுக்கத் தொடங்கினால் உதிரும் மண் கீழ் அடுக்கில் விழுந்து கலந்துவிடும். அடி அடுக்கில் முதல் பையை நிரப்பி, ஆழம் எழுதிக் கட்டிவிட்டு, அதன் பிறகு ஒவ்வோர் அடுக்காக மேலே வாருங்கள்.