உறைந்த தோள்பட்டை: கையை மேலே தூக்கும் முன் வெளியே திருப்புங்கள்

முதலில் உங்களுக்கு இருப்பது இதுதானா என்று பாருங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கிக்கொண்டு, முன்கையை மட்டும் வெளிப்பக்கம் திருப்புங்கள். நீங்களாகத் திருப்பினாலும், வீட்டில் ஒருவர் மெதுவாகத் திருப்பிவிட்டாலும் ஒரே இடத்தில் முட்டி நின்றால், உறைந்த தோள்பட்டை என்று சந்தேகிக்கலாம். பிறர் தூக்கினால் கை போகிறது, தானாகத் தூக்க மட்டும் முடியவில்லை என்றால் தசைநார் கிழிந்திருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு. கீழே விழுந்த பிறகு வந்த வலி, காய்ச்சலோடு வரும் வலி, மூச்சுத் திணறலோடு இடது தோளுக்குப் பரவும் நெஞ்சு வலி இவற்றுக்கெல்லாம் இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிராமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை அழற்சியால் தடித்துச் சுருங்கிவிடுவதே இந்த நோய். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. 40 முதல் 60 வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களுக்கு, குறிப்பாகச் சர்க்கரை நோயோ தைராய்டு கோளாறோ உள்ளவர்களுக்கு அதிகம் வருகிறது. அதனால் தோளைக் காட்டப் போகும்போதே ரத்தச் சர்க்கரையையும் பரிசோதித்துவிடுங்கள். வலிக்கும் காலம், இறுகும் காலம், தளரும் காலம் மூன்றும் கடக்க ஒன்று முதல் மூன்று ஆண்டுகள்கூட ஆகலாம்.

படி 1: இரவில் தூக்கம் கெடும் அளவுக்கு வலி இருக்கும்வரை இழுத்துப் பிடிக்கும் பயிற்சி எதுவும் வேண்டாம். நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டு, உடம்பை அசைத்து அதை ஆடவிடுங்கள். மல்லாந்து படுக்கும்போது முழங்கைக்கு அடியில் சிறிய தலையணை வையுங்கள். ஸ்டீராய்டு ஊசி அதிகம் பலன் தருவதும் இந்தக் கட்டத்தில்தான், மருத்துவரிடம் கேளுங்கள்.

படி 2: என்னை நெடுநாள் அலைக்கழித்தது இதுதான். சுவரில் விரல்களை ஏற்றும் பயிற்சியில்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். விரல் உயர உயர மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் கண்ணாடியில் பார்த்தால் தோள் காதை நோக்கி ஏறியிருக்கும். மூட்டு அசையவில்லை, தோள்பட்டை எலும்பு மூட்டின் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. கை வெளியே திரும்பாமல் முழுதாக மேலே போகாது. எனவே மல்லாந்து படுத்து, முழங்கையை மடக்கி, அதற்கும் விலாவுக்கும் நடுவே மடித்த துண்டு ஒன்றைச் செருகுங்கள். இரு கைகளிலும் ஒரு கம்பைப் பிடித்து, நல்ல கையால் தள்ளி மற்ற முன்கையை வெளியே சாயவிடுங்கள். 20 விநாடி நிறுத்தி, ஐந்து முறை, காலையும் மாலையும். துண்டு நழுவினால் முழங்கை விலகிவிட்டது என்று பொருள்.

கம்பு என்றால் மூன்றடி பி.வி.சி. குழாய் போதும். கதவில் மாட்டும் கப்பிக் கயிற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். தோளைத் தூக்கி ஏமாற்ற அது வசதியான கருவி. பயிற்சிக்கு முன் வெந்நீர்ப் பை ஒத்தடம் நல்லது. பயிற்சியின் வலி சற்று நேரத்தில் அடங்க வேண்டும். இரவுவரை நீடித்தால் மறுநாள் பயிற்சியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: இவ்வளவும் தளர்ந்த பிறகு சுவர். கடைசியாக, முதுகுக்குப் பின்னே துண்டைப் பிடித்து இழுப்பது. சட்டை மாட்டவும் ரவிக்கையின் பின்பக்கக் கொக்கி போடவும் தேவையான இந்த அசைவு திரும்புவதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும்.

பின்சேர்க்கை: ஊசி போட்டபின் சர்க்கரை எகிறிவிட்டதென்று வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். ஸ்டீராய்டு சில நாள் அப்படிச் செய்யும். போடும் முன்பே மருத்துவரிடம் சர்க்கரை நோயைச் சொல்லிவிடுங்கள். அறுவை சிகிச்சை பற்றியும் கேட்டிருந்தார்கள். பிரிட்டனில் 503 பேரிடம் நடந்து 2020இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, ஊசியோடு கூடிய பிசியோதெரபி, மயக்க மருந்து கொடுத்து மூட்டை அசைத்தல், துளைவழி அறுவை சிகிச்சை மூன்றையும் ஒப்பிட்டது. ஓராண்டு முடிவில் எதுவும் மற்றவற்றைத் தெளிவாக விஞ்சவில்லை. மாதக்கணக்கில் பயிற்சி செய்தும் கை நகராதவர்கள் மட்டும் அறுவை சிகிச்சையைப் பற்றி எலும்பு மருத்துவரிடம் பேசலாம்.