வியன்னாவின் ஆப்பிள்களில் மோனேயைத் தேட வேண்டாம்

ஆஸ்திரிய ஸ்டில் லைஃப் ஓவியங்களில், அதாவது பழம், பூ, பாத்திரம் போன்ற அசையாப் பொருள்களை வரைந்த படங்களில், தூரிகைத் தீற்றல் கொஞ்சம் தளர்வாகத் தெரிந்தால் போதும், பலர் உடனே இம்ப்ரெஷனிசம் (கணநேர ஒளியை வண்ணத் தீற்றல்களால் பிடிக்கும் பிரெஞ்சுப் பாணி) என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். 1874இல் மோனே முதலியோர் பாரிசில் நடத்திய முதல் இம்ப்ரெஷனிசக் கண்காட்சி மறுநாளே வியன்னாவை மாற்றிவிட்டது போல ஒரு நினைப்பு. மோனே, மானே, ரெனுவா, வான் கோ எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் வியன்னாவின் நவீன ஓவியர் சங்கமான செசெஷன் பெரிய அளவில் காட்டியது 1903இல்தான். அதனால் ஆண்டைப் பார்க்காமல் தாக்கத்தைப் பற்றிப் பேசக்கூடாது.

அதற்காக, 1903 வரை வியன்னா கண்ணை மூடிக்கொண்டிருந்தது என்பதும் சரியில்லை. ஆஸ்திரிய நிலக்காட்சி ஓவியர்களான எமில் யாகோப் ஷிண்ட்லரும் டீனா பிளாவும் திறந்தவெளி ஒளியை முன்பே கையாண்டவர்கள். ஆனால் அவர்கள் நின்ற இடம் மோனேயைவிட, அவருக்கு முந்தைய பிரெஞ்சு நிலக்காட்சிக் குழுவான பார்பிசோன் ஓவியர்களுக்குப் பக்கம். வண்ணத்தைப் புள்ளிபுள்ளியாக உடைப்பதில் அவர்களுக்கு ஆர்வமில்லை. ஈரக் காற்றும் மங்கல் வெளிச்சமும் தரும் மனநிலைதான் வேண்டியிருந்தது.

ஸ்டில் லைஃப் ஓவியர் கார்ல் ஷூக் விஷயத்தில்தான் தவறுகள் அதிகம். 1846இல் வியன்னாவில் பிறந்தவர். ஜெர்மனியின் லைப்ல் வட்டத்தோடு (யதார்த்த ஓவியர் வில்ஹெல்ம் லைப்லைச் சுற்றியிருந்த குழு) பழகியதால் அவரை ஜெர்மன் ஓவியர் என்றே எழுதிவிடுகிறார்கள். 1882 முதல் 1894 வரை அவர் இருந்தது பாரிசில். பின்னணி இருட்டாக இருப்பதைப் பார்த்து, ‘பழைய டச்சு பாணி, புதிதாக ஒன்றுமில்லை’ என்று ஒதுக்குபவர்களும் உண்டு. கறுப்பு இருந்தால் நவீனம் இல்லை என்றால் கறுப்பைத் தாராளமாகப் பயன்படுத்திய மானேயை என்ன செய்வது? ஷூக்கின் ஆப்பிளில் கோட்டு வரம்பைத் தேடாதீர்கள். சிவப்பு எங்கே பச்சையைத் தொடுகிறது, தகரக் குவளையின் சாம்பல் பக்கத்துப் பழத்தின் நிறத்தை எப்படி வாங்கிக்கொள்கிறது என்று பாருங்கள். பிரெஞ்சுப் பாடம் அங்கேதான் இருக்கிறது. இன்னொன்று, கைப்பேசித் திரையில் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். அந்த இருட்டுக்குள் இருக்கும் பழுப்பும் நீலமும் திரையில் ஒரே கறுப்பாகிவிடும்.

பூ ஓவியங்களைப் பெண்களின் பொழுதுபோக்காகத் தள்ளிவிடுவது, என்னைக் கேட்டால், இருப்பதிலேயே மோசமான தவறு. வியன்னா கலைக்கழகம் 1920 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. பூக்கள்தான் அவர்களுக்கு ‘ஏற்றது’ என்று விடப்பட்டிருந்தது. பியானோ கலைஞராக இருந்து ஓவியத்துக்கு வந்த ஓல்கா விசிங்கர்-ஃபுளோரியன், ஷிண்ட்லரிடம் கற்றவர். பூக்களைச் சாடியிலிருந்து வெளியே கொண்டுபோய் வெயிலில் வைத்தார். பிற்கால ஓவியங்களில் வண்ணம் தடிப்பாகி, ஷிண்ட்லரின் மங்கல் ஒளியை விட்டு வெகுதூரம் போய்விடுகிறது.

அப்புறம், உணர்ச்சியை உக்கிரமாகக் காட்டும் எக்ஸ்பிரஷனிச ஓவியரான கொகோஷ்காவின் ஸ்டில் லைஃபையும் இதே இம்ப்ரெஷனிசப் பட்டியலில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆட்டிறைச்சியையும் ஆமையையும் அவர் ஒன்றாக வைத்து வரைந்த படத்தை ஒருமுறை பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும்.