‘ஸ்க்ரூட்டினைஸ்’: ஒரு இங்கிலீஷ் வினைச்சொல்லைப் பழகும் முறை

குமுளியில் சாயங்கால நேரம் சில பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். பெரும்பாலும் தோட்டத்து வீட்டுப் பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியம், கடைத்தெருவில் மலையாளம், விண்ணப்பத்தில் மட்டும் இங்கிலீஷ்.

சில வருஷம் முன்னால், பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் ஒரு பெண் ஓடி வந்தாள். கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண்ணில் சந்தேகம் இருந்தால் ரீவேல்யுவேஷன், போட்டோகாப்பி, ஸ்க்ரூட்டினி என்று மூன்று விதமாக விண்ணப்பிக்கலாம். “எதை டீச்சர் போடணும்?” என்றாள். “ஸ்க்ரூட்டினின்னா நல்லா சோதிச்சுப் பார்ப்பாங்க, அதைப் போடு” என்று சொல்லிவிட்டேன். அது தப்பு. அங்கே ஸ்க்ரூட்டினி என்பது எல்லா விடைக்கும் மார்க் போட்டிருக்கிறதா, கூட்டல் சரியா என்று பார்ப்பது. விடையை மறுபடி திருத்த வேண்டுமானால் ரீவேல்யுவேஷன். தமிழ்நாட்டில் மறுகூட்டல், மறுமதிப்பீடு என்று பிரிப்பார்களே, அதே கதைதான். அவள் மார்க் மாறவில்லை. விவரம் தெரிந்தபோது கடைசித் தேதியும் போய்விட்டது.

அன்றைக்கு எனக்கு அகராதிப் பொருள் தெரியும். எதைப் பார்க்கிறார்கள், எந்தக் குறையைத் தேடுகிறார்கள் என்று கேட்கத்தான் தெரியவில்லை. இந்தச் சொல்லை அந்த இரண்டு கேள்வியோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்று அதற்கப்புறம்தான் பிடிபட்டது.

முதல் படி: வாயில் வரட்டும்

ஸ்க்ரூ-டி-நைஸ். அழுத்தம் முதல் அசையில். முன்னால் ஒரு ‘இ’ போட்டு ‘இஸ்க்ரூ’ என்று இழுக்காதீர்கள். கடைசி எழுத்தில் ஈ ரீங்கரிப்பது போல ஒரு அதிர்வு வர வேண்டும். ஒலி மரத்தில் முடுக்கும் ஸ்க்ரூ மாதிரியே இருந்தாலும் எழுத்து வேறு: எஸ், ஸி, ஆர், யூ. நம் ஊரில் இறுதியில் எஸ் போட்டு எழுதுவது அதிகம், அமெரிக்கர்கள் இசட் போடுவார்கள். இரண்டும் சரி. ஒரு கடிதத்துக்குள் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

இரண்டாம் படி: பொருளைக் கண்ணால் பாருங்கள்

எங்கள் பக்கம் இதற்கு நல்ல பாடம் ஏலக்காய். காய்ந்த காயை மேசையில் கொட்டிப் பரப்புவார்கள். தரம் பிரிக்கும் பெண்கள் விரலால் ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே போவார்கள். வாய் வெடித்த காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், பூச்சி துளைத்தது ஒரு பக்கம், காம்பு ஒட்டியிருந்தால் கிள்ளி எடுத்துவிட்டு நல்லதோடு சேர்ப்பார்கள். 8 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கிற பெருங்காய்க்கு விலை அதிகம். ஆனால் சல்லடைக்கு அளவுதான் தெரியும், துளை தெரியாது. குண்டூசி முனை அளவுத் துளையைக் கண்டுபிடிக்க ஒரு கண் அந்தக் காயின் மேல் நிற்க வேண்டும். அப்படி நிற்பதுதான் ஸ்க்ரூட்டினைஸ்.

சொல்லின் பிறப்பும் கிட்டத்தட்ட இதுவே. லத்தீனில் ‘ஸ்க்ரூட்டா’ என்றால் கந்தல், பழைய தட்டுமுட்டுச் சாமான். அதைக் கிளறித் தேடுவதிலிருந்து ‘ஸ்க்ரூட்டாரி’ என்ற வினை வந்திருக்க வேண்டும் என்கிறார்கள் சொல்லாராய்ச்சிக்காரர்கள். இங்கிலீஷுக்கு முதலில் வந்தது ஸ்க்ரூட்டினி என்ற பெயர்ச்சொல், 15-ஆம் நூற்றாண்டில். வினை 17-ஆம் நூற்றாண்டில்தான் உண்டானது.

தமிழில் ஒரே சொல்லாகச் சொல் என்றால் நான் ‘சரிபார்’ என்று சொல்ல மாட்டேன். ‘துருவிப் பார்’ என்பேன். தேங்காயைச் சிரட்டை வரைக்கும் துருவுகிற துருவல் அது.

மூன்றாம் படி: பக்கத்துச் சொற்களிலிருந்து பிரியுங்கள்

இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். செக்போஸ்ட்டில் ஒரு லாரி நிற்கிறது. அதிகாரி பெர்மிட் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் தலையாட்டுகிறார். இது செக். இறங்கி வந்து தார்ப்பாயைத் தூக்கி, மூட்டைகளைச் சுற்றிப் பார்க்கிறார். இது இன்ஸ்பெக்ட். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் நம்பரும் வண்டியில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்று ஒப்பிடுகிறார். இது வெரிஃபை. அப்புறம் ஏதோ உறுத்துகிறது. பில்லை வாங்கிக்கொண்டு மேசைக்குப் போய், வரிக்கு வரி விரல் வைத்து, தேதியில் அடித்தல் திருத்தல் உண்டா, எடை கூட்டினால் சரியாக வருகிறதா என்று பார்க்கிறார். இப்போதுதான் ஸ்க்ரூட்டினைஸ்.

வைத்தியர் நோயாளியைப் பார்ப்பது எக்ஸாமின், அங்கே இந்தச் சொல்லைப் போடாதீர்கள். ஆனால் ஒருவர் முகத்தை உற்றுப் பார்த்து, பொய் சொல்கிறாரா என்று தேடினால் போடலாம்: ‘ஷீ ஸ்க்ரூட்டினைஸ்ட் ஹிஸ் ஃபேஸ்.’

நான்காம் படி: வாக்கியத்தில் உட்கார வைப்பது

‘த ஆஃபிசர் ஸ்க்ரூட்டினைஸ்ட் த பில்.’ அதிகாரி பில்லைத் துருவிப் பார்த்தார். தமிழில் ‘பில்லை’ என்று ஐ உருபு வருகிற இடத்தில் இங்கிலீஷில் பொருள் நேராக வினைக்குப் பின்னால் வந்து உட்காரும். நாம் ‘பில்லைப் பற்றி ஆராய்ந்தார்’ என்று நினைத்துக்கொண்டு ‘ஸ்க்ரூட்டினைஸ்ட் அபவுட் த பில்’ என்று எழுதிவிடுகிறோம். அந்த ‘அபவுட்’ வேண்டாம், ‘ஆன்’ வேண்டாம்.

பெயர்ச்சொல்லாக மாறினால் மட்டும் ‘ஆஃப்’ வரும். தேர்தல் அறிவிப்பில் ‘ஸ்க்ரூட்டினி ஆஃப் நாமினேஷன்ஸ்’ என்று இருக்கும். 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 36-ஆவது பிரிவு அது. தமிழ்ப் பத்திரிகை ‘வேட்புமனு பரிசீலனை’ என்று போடும், மலையாளப் பத்திரிகை ‘சூக்ஷ்ம பரிசோதன’ என்று போடும். மலையாளச் சொல்லில் நுணுக்கமும் சேர்ந்து வருவதால் என் மாணவர்களுக்கு அது சட்டென்று மனதில் ஒட்டிக்கொள்கிறது. வியாபாரிகள் வீட்டில் ஜி.எஸ்.டி. வழியாகவும் இது தெரியும். அந்தச் சட்டத்தின் 61-ஆவது பிரிவுக்கே ‘ஸ்க்ரூட்டினி ஆஃப் ரிட்டர்ன்ஸ்’ என்றுதான் தலைப்பு.

தொனியிலும் கவனம் தேவை. கடைக்காரரிடம் ‘ஐ ஸ்க்ரூட்டினைஸ்ட் யுவர் பில்’ என்று சொன்னால், உங்கள் மேல் சந்தேகம் என்று சொன்ன மாதிரி இருக்கும். ‘ஐ வென்ட் த்ரூ யுவர் பில்’ என்றால் மரியாதையாக இருக்கும்.

பயிற்சி

இன்று வீட்டுக்கு வந்த ஏதாவது ஒரு பில்லை எடுங்கள். முழுதாகத் துருவிப் பார்த்துவிட்டு, எதைப் பார்த்தீர்கள், எந்தக் குறையைத் தேடினீர்கள் என்று இரண்டு வாக்கியம் எழுதுங்கள். பிறகு கீழே உள்ள மூன்றில் எங்கே ஸ்க்ரூட்டினைஸ் பொருந்தும் என்று சொல்லிப் பாருங்கள்.

கம்பம் பஸ் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தாள்.
கையெழுத்து போடும் முன் அப்பா நிலப் பத்திரத்தை வரி வரியாகப் படித்தார், எல்லைக் கணக்கில் பிசகு இருக்குமோ என்று.
ஆதார் எண்ணும் விண்ணப்பத்தில் எழுதிய எண்ணும் ஒன்றா என்று கிளார்க் ஒப்பிட்டார்.

முதலாவது செக். மூன்றாவது வெரிஃபை. பத்திரத்தோடு உட்கார்ந்த அப்பாவுக்குத்தான் ஸ்க்ரூட்டினைஸ்.