தேளின் பெயரைக் கேட்டு விஷத்தை அளக்காதீர்கள்

போன மழைக்காலத்தில் சென்னையில் எங்கள் வியாசர்பாடித் தெருவில், வீடு கட்ட இறக்கியிருந்த செங்கல் அடுக்கிலிருந்து ஒரு தேள் வெளியே வந்தது. கன்னங்கரேல் என்று உள்ளங்கை நீளம். நண்டுக்கு இருப்பது போலப் பருத்த இடுக்கிகள். பக்கத்து வீட்டுப் பையன் போனில் தேடிவிட்டு, "எம்பரர் ஸ்கார்ப்பியன்ணா, கொட்டுச்சின்னா ஆள் காலி" என்றான். இரண்டுமே தப்பு.

எம்பரர், அதாவது பேரரசத் தேள், மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, நைஜீரியா பக்கம் இருப்பது. 20 செ.மீ. வரை வளரும், ஆனால் கொட்டினால் பெரும்பாலும் வலியோடு சரி. எங்கள் தெருவுக்கு வந்தது நம்மூர் நட்டுவாக்காலி. இரண்டும் ஒரே குடும்பம், அதனால் படத்தில் ஒன்றுபோலவே தெரியும். இன்னொரு பக்கம், 'மரப்பட்டைத் தேள்' என்று அரிசோனாவில் ஒன்று உண்டு. பெயரும் சாது, ஆளும் விரல் நீளம்தான். அமெரிக்க நாட்டுத் தேள்களிலேயே கடுமையான விஷம் அதற்குத்தான்.

நிறத்தை வைத்து வரும் பெயர்கள் இன்னும் மோசம். காசிமேடு மீன் சந்தையில் போய் சுறா வேண்டும் என்றால் எந்தச் சுறா என்று திருப்பிக் கேட்பார்கள். தேளுக்கும் அப்படித்தான் கேட்க வேண்டும். 'மஞ்சள் தேள்' பிரேசிலிலும் உண்டு, மத்திய கிழக்கிலும் உண்டு. இனம் வேறு, விஷமுறிவு மருந்தும் வேறு. நட்டுவாக்காலி கருப்பு, அரேபியாவின் தடித்த வால் தேளும் கருப்புதான். ஆனால் அது உயிரை எடுக்கக்கூடியது. வளைகுடாவில் வேலை செய்யும் நம் ஆட்கள் ஊர் நினைப்பில் அலட்சியமாக இருந்துவிடக் கூடாது.

நாம் நிஜமாகவே பயப்பட வேண்டியது செந்தேளுக்கு. 1798இல் டென்மார்க் விலங்கியலாளர் ஃபாப்ரிசியஸ் அதற்கு வைத்த அறிவியல் பெயரில் 'டாமுலஸ்' என்று நம் தமிழே இருக்கிறது. செந்தேள் என்றாலும் எப்போதும் சிவப்பாக இருக்காது, பழுப்பாகவும் வரும். அதனால் உடலைப் பாருங்கள்: மெலிந்த இடுக்கி, தடித்த வால் என்றால் ஆபத்து அதிகம். இதுவும் ஒரு தோராயக் கணக்குதான். குழந்தையைக் கொட்டினால் உடம்பெல்லாம் வியர்த்து, கைகால் சில்லிட்டு, வாந்தி வரும். அப்புறம் இதயமும் நுரையீரலும் பாதிக்கும். மகாராஷ்டிராவின் மகாட் ஊரில் டாக்டர் ஹிம்மத்ராவ் பவஸ்கர், ரத்த அழுத்தத்துக்குத் தரும் பிராசோசின் மாத்திரையை இதற்குக் கொடுத்துப் பல உயிர்களைக் காப்பாற்றினார்.

ஆகவே கொட்டிய பிறகு பெயரைத் தேடிக்கொண்டு உட்காராதீர்கள். சுண்ணாம்பு தடவுவது, கீறுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். தேளைப் பிடிக்கவும் போகாதீர்கள், முடிந்தால் தள்ளி நின்று ஒரு போட்டோ போதும். 108ஐக் கூப்பிடுங்கள், இல்லை ஆட்டோ பிடித்து நேராக ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எத்தனை மணிக்குக் கொட்டியது, வியர்த்ததா, வாந்தி எடுத்ததா என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.