கையில் க்யூ மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? ஸ்கிராபிளுக்குச் சில குட்டி வார்த்தைகள்

ஸ்கிராபிள் என்பது எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கி ஆங்கில வார்த்தை அமைக்கும் ஆட்டம். அதைப் புதிதாக ஆடுகிறவர்கள் கையிலுள்ள ஏழு கட்டையையும் திரும்பத் திரும்ப மாற்றி அடுக்கி, பெரிய வார்த்தை ஏதாவது வருமா என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். ஏழும் ஒரே தடவையில் இறங்கினால் 50 புள்ளி போனஸ், சந்தோஷம்தான். ஆனால் அது எப்போதாவது நடப்பது. தினசரி சோறு போடுவது இரண்டு, மூன்று எழுத்துப் பொடி வார்த்தைகள், அதிலும் க்யூ, இசட், எக்ஸ், ஜே வருகிறவை. மொத்தமுள்ள 100 கட்டைகளில் இவை ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றுதான். க்யூவுக்கும் இசட்டுக்கும் தலா 10 புள்ளி, மற்ற இரண்டுக்கும் தலா 8.

படி 1: எந்தப் பட்டியல்?

எந்தப் பட்டியலில் இருக்கும் வார்த்தைகள் செல்லும் என்று ஆட்டத்துக்கு முன்னாலேயே பேசி முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் சண்டை நிச்சயம். இந்தியா, இலங்கைப் போட்டிகளில் காலின்ஸ் அகராதிக்காரர்களின் பட்டியல். அமெரிக்காவில் வேறொன்று, அதில் வார்த்தைகள் குறைவு. இங்கே சொல்வதெல்லாம் காலின்ஸ் கணக்கு.

படி 2: எக்ஸிலிருந்து தொடங்குங்கள்

ரொம்பத் தங்கமான எழுத்து, ஐந்து உயிரெழுத்தோடும் ஒட்டும். ஏ-எக்ஸ் கோடாரி, ஈ-எக்ஸ் முன்னாள் காதலரோ கணவரோ, ஓ-எக்ஸ் எருது. திருப்பிப் போட்டால் எக்ஸ்-ஐ, இது ஒரு கிரேக்க எழுத்து. எக்ஸ்-யூ வியட்நாமில் முன்பு இருந்த சில்லறைக் காசு, அந்த நாட்டுப் பணமான டாங்கில் நூறில் ஒரு பங்கு.

இதை வைத்து எப்படி அள்ளுவது என்று பாருங்கள். பலகையில் குறுக்காக சோடா என்ற வார்த்தை கிடக்கிறது, கடைசி எழுத்து ஏ. அந்த ஏ-க்கு நேர் கீழே, வைக்கும் எழுத்தின் புள்ளியை மூன்று மடங்காக்கும் கட்டம் காலியாக இருக்கிறது என்று வையுங்கள். அதில் எக்ஸை வைத்து, அதன் வலப்பக்கம் ஐ-யை வையுங்கள். மேலிருந்து கீழே ஏ-எக்ஸ், இடமிருந்து வலம் எக்ஸ்-ஐ. எக்ஸின் 8 மும்மடங்காகி 24, கூட இருக்கும் எழுத்துக்கு 1, ஆக 25. இரண்டு பக்கமும் அதே கணக்கு, மொத்தம் 50! இரண்டே கட்டையில். எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டும் அப்போது.

படி 3: யூ இல்லாத க்யூ

பள்ளிக்கூடத்தில் க்யூவுக்குப் பின்னால் யூ வந்தே தீரும் என்று சொல்லிக்கொடுத்ததைக் கொஞ்சம் மறந்துவிடுங்கள். க்யூ-ஐ. உச்சரிப்பு ‘சீ’, சீன மருத்துவத்தில் உடம்புக்குள் ஓடுவதாகச் சொல்லப்படும் உயிராற்றல். க்யூ வரும் இரண்டெழுத்து வார்த்தை இது ஒன்றுதான், அதனால் இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். அமெரிக்கப் பட்டியலுக்கே 2006-ல்தான் வந்து சேர்ந்தது. பின்னால் எஸ் சேர்த்துப் பன்மையாக்கினாலும் செல்லும். அடுத்தது க்யூ-ஏ-டீ, ‘காட்’. நம்மூரில் வெற்றிலை மாதிரி, ஏமன்காரர்கள் மணிக்கணக்கில் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்ளும் இலை.

கொஞ்சம் நீளமாகப் போனால் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. பக்கீர், நிகாப், தலாக், கவ்வாலி, காதி (இஸ்லாமிய நீதிபதி) எல்லாம் நாம் சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகியவை. இவற்றை ஆங்கிலத்தில் க்யூ போட்டு எழுதினாலும் செல்லும், எதிலும் யூ கிடையாது. ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டியது நமக்குச் சும்மா கிடைக்கிறது.

படி 4: இசட், ஜே

இசட்-ஏ என்பது பீட்சாவின் வால். அமெரிக்கர்கள் செல்லமாகச் சுருக்கியது. இசட்-ஓ திபெத் பக்கத்துக் கலப்பினம், யாக்குக்கும் மாட்டுக்கும் பிறந்தது. நடுவில் ஒரு எச் சேர்த்தாலும் அதே விலங்குதான், அதுவும் செல்லும். ஜே-ஓ ஸ்காட்லாந்தில் காதலரை அழைப்பது, ஜே-ஏ தென்னாப்பிரிக்காவில் ‘ஆமாம்’.

படி 5: மனதில் ஏற்றுவது

பட்டியலை அகரவரிசையில் ஒப்பிக்காதீர்கள், ஒரு நாளைக்கு ஒரு எழுத்து போதும். அர்த்தம் தெரியாமலும் ஆடலாம், விதி கேட்பதில்லை. நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-ல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தையே வென்றார், அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது! அவர் மூளை வேறு ரகம். நம்மைப் போன்றவர்களுக்கு அந்த இலையும் மாடும் கண்ணில் தெரிந்தால்தான் எழுத்து ஞாபகம் வரும்.

அப்புறம், க்யூ கையில் இருக்கும்போது பையில் எத்தனை கட்டை மிச்சம் என்று எண்ணிக்கொண்டே இருங்கள். ஏழுக்குக் குறைந்துவிட்டால் க்யூவைப் பையில் போட்டு வேறு கட்டை மாற்றிக்கொள்ள முடியாது. எதிராளி முதலில் முடித்துவிட்டால் உங்கள் கணக்கில் 10 குறையும், அதே 10 அவர் கணக்கில் ஏறும். அதனால் பலகையில் பக்கத்தில் இடத்தோடு ஒரு ஐ கிடைத்தால், புள்ளி கம்மி என்று யோசிக்காமல் க்யூவை இறக்கிவிடுங்கள்.